சிலை மண்டபத்தின் தூரத்து மூலை

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. நீங்கள் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால் நான் வேலையை விட்டு நின்றுவிட்டேன். வெள்ளவத்தையில் நமது மூன்றாம் மாடியில் தேத்தண்ணீர் ஊற்றி, தரை துடைத்து ஏழு வருஷம் இருந்தவள். உங்கள் பொறுப்பாளர் துஷிதான் போன கிழமை ஜிந்துப்பிட்டியில் என் வீட்டுக்கு வந்து, ஒரு கொப்பியையும் பேனையையும் வைத்துவிட்டுப் போனாள்.

"அன்ரி, அந்தக் கதைய நீங்களே எழுதித் தாங்கோ. நான் சொன்னா புதுப் பிள்ளையள் ஏதோ பயப்படுத்துறன் எண்டு நினைப்பினம்" என்றாள்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். நாலு பேருக்கு முன்னால் வாய் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது அதைவிடச் சுகமாக இருக்கிறது. எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

உங்கள் வேலை என்ன என்று முதல் நாளே சொல்லியிருப்பார்கள். இங்கிலாந்தில் ஒரு ஊர். அங்கே ராத்திரியாக இருக்கும்போது நமக்கு விடிந்துவிடும். அவர்கள் தூங்குகிற நேரம் அவர்களுடைய பழைய கட்டடங்களை நாங்கள் இங்கே இருந்து கமராவில் பார்த்துக்கொள்கிறோம். ஊரின் பெயரை வெளியில் சொல்லக் கூடாது என்று என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். அதனால் இங்கேயும் எழுதவில்லை.

திரையில் ஒவ்வொரு படத்துக்கும் கீழே பெயர் இருக்கும். இங்கிலீசு வாசிக்க வராத நான் எனக்கென்று வேறு பெயர்கள் வைத்துக்கொண்டேன். நகர மண்டபத்துக்கு மேலே நாலு பக்கமும் முகம் வைத்த மணிக்கூட்டுக் கோபுரம். ஒரு கமராவுக்குள் அடங்காத பெரிய கோயில்; அதன் ஒரு கோபுரம் ஒரு சதுரத்திலும் மற்றது அடுத்த சதுரத்திலும் தெரியும். ஆற்றுக்கு மேலே சங்கிலிப் பாலம். கண்ணாடித் தோட்டம் என்று ஒன்று. வெளியில் பனி கொட்டும், உள்ளே வாழை மரம் நிற்கும். எங்கள் ஒழுங்கையில் சாக்கடையோரம் தன்பாட்டுக்கு வளர்கிற வாழைக்கு அங்கே கண்ணாடியில் மாளிகை. பிறகு படச்சாலை. நீட்டுக்கு ஆட்களின் முகங்கள், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். அதை ஒட்டி சிலை மண்டபம்.

களுபோவில ஆஸ்பத்திரிக்குப் போனால் நான் இன்றைக்கும் மூன்று பேரிடம் வழி கேட்பேன். அந்த ஊரில் என்னைக் கொண்டுபோய் விட்டால் யாரிடமும் கேட்காமல் நடப்பேன்.

ஆனால் அந்த ஊரில் சத்தம் கிடையாது. மழை பெய்யும், கேட்காது. மணிக்கூட்டின் முள் நகரும், மணி அடிக்காது. கீழே நம் ஒழுங்கையில் மீன்காரன் கூவிக்கொண்டு போவான், கடற்கரை ரயில் போகும், ஜன்னலில் வெயில் அடிக்கும். திரையில் மட்டும் சாம்பல் நிறத்தில் இருட்டு. இருட்டில் பார்க்கிற கமரா எல்லாவற்றையும் சாம்பலாகத்தான் காட்டும் என்று துஷி சொல்லித் தந்தாள். நரி ஒன்று பாலத்தால் நடந்து போனால் அதன் கண் இரண்டும் தீப்பெட்டிக் குச்சி மாதிரி எரியும். காலை எட்டு மணிக்கு, பட்டப்பகலில், கையில் தேத்தண்ணீர்த் தட்டோடு நிற்கிற எனக்கு முதுகு சில்லிடும்.

முதலில் என்னுடைய பிழையைச் சொல்கிறேன்.

வேலைக்கு வந்து மூன்று மாதம் இருக்கும். மணிக்கூட்டுக் கோபுரத்தின் உச்சியைக் காட்டுகிற சதுரத்தில், வெள்ளையாக, கையும் காலுமாக ஒன்று கோபுரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. மெதுவாக ஒரு கையைத் தூக்கியது.

"ஐயோ, அங்க பாருங்க! அங்க பாருங்க!" என்று கத்தினேன். தட்டு விழுந்தது. எட்டுக் கோப்பையும் போயிற்று.

அப்போது ஷிப்டுக்குப் பொறுப்பு ரிஸ்வி நானா. மருதானைக்காரர், இரண்டு வருஷம் லண்டனில் கடையில் நின்றவர். ஓடி வந்து பார்த்தார், அங்கே காவலுக்கு இருந்தவருக்குப் போன் எடுத்தார். அந்த ஊரில் ராத்திரிக்கு ஒரே ஒரு காவல்காரர்தான். எல்லாக் கட்டடத்தையும் அவரே சுற்ற வேண்டும். பாவம், மழையில் வந்து உச்சி வரைக்கும் படி ஏறினார். பார்த்தால் கமராக் கண்ணாடியில் ஒரு சிலந்தி வலை பின்னுகிறது. கமராவுக்குக் கிட்ட இருந்ததால் கோபுரத்தளவு தெரிந்திருக்கிறது. காவல்காரர் போனில் என்ன சொன்னாரோ, ரிஸ்வி நானாவின் காது சிவந்து போனது.

அவர் என்னை ஏசவில்லை. "பரவால்ல அக்கா. ஆளில்லாத எடத்த பாத்துட்டே ஈக்கிறது லேசில்ல. கண்ணு சும்மா ஈக்காது" என்றார்.

மற்றவர்கள் விடவில்லை. "அக்கா, இண்டைக்கு மணிக்கூட்டுக்கு நுளம்புத்திரி கொளுத்தவா?" என்று ஒருவர். "அக்காட பேய்க்கும் ஒரு பிளேன்டி ஊத்துங்க, அது குளிருல நிக்கிது" என்று இன்னொருவர். ஒரு மாதம் இதே பாட்டு. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இனி எதைக் கண்டாலும் வாயைத் திறப்பதில்லை. என் வேலை கோப்பை. அவர்கள் வேலை திரை.

பிள்ளைகளே, கத்தினதை நான் பிழை என்று சொல்லவில்லை. இந்த முடிவைத்தான் சொல்கிறேன்.

சிலை மண்டபத்தில் ஒரு பெண் இருந்தாள். சிலை இல்லை, உயிருள்ளவள். அங்கே விடிய ஐந்து மணிக்கு வந்து துடைக்கிறவள். நமக்கு அது காலை ஒன்பதரை. அதுவரைக்கும் சாம்பலாகக் கிடக்கிற மண்டபத்தில் அவள் வந்து விளக்கைப் போட்டதும் நிறம் வரும். கட்டையான பெண், நரைத்த தலை, என் வயதோ ஒன்று இரண்டு குறைவோ. வந்ததும் கழுத்தில் சுற்றியிருக்கிற பச்சைத் துணியைக் கழற்றி, வாசலுக்குக் கிட்ட நிற்கிற ஒரு கல்லுப் பெண்ணின் கையில் தொங்கவிடுவாள். வேலை முடிந்து போகும்போது எடுத்துச் சுற்றிக்கொள்வாள். ஒரு நாளும் மறந்ததில்லை.

அவள் பெயர் எனக்குத் தெரியாது. மொப்பைப் பிழிகிற விதம் தெரியும். இடது கைக்காரி. முதலில் பாதித் தரைக்குத் தண்ணீர் விட்டு ஊற வைப்பாள். ஊறுகிற நேரத்தில் வேறு ஏதாவது தூசு தட்டுவாள். பிறகு வந்து, காய்வதற்கு முன்னால், பிழிந்த மொப்பால் இரண்டாம் தரம் இழுப்பாள். நானும் அப்படித்தான். கல்லுத் தரையில் முதல் தண்ணீரை அப்படியே காயவிட்டால் வரி வரியாகக் கறை நிற்கும்.

திங்கட்கிழமைகளில் சின்ன ஏணி கொண்டுவருவாள். முதலில் நமது கமராவின் கண்ணாடியைத் துடைப்பாள். அப்போது அவள் முகம் சதுரம் முழுக்க வரும். மூக்கின் மேல் இருக்கிற மச்சம், கண்ணுக்குக் கீழே உள்ள சுருக்கம் எல்லாம் தெரியும். நேரே நம்மைத்தான் பார்ப்பாள், ஆனால் அவளுக்கு நாம் இல்லை. முதல் தடவை நான் இரண்டு அடி பின்னால் போனேன். பிறகு பழகிவிட்டது. திங்கள் காலையில் அந்த முகம் வரும் நேரம் பார்த்து துஷியின் மேசைக்குக் கிட்ட ஏதாவது துடைத்துக்கொண்டு நிற்பேன்.

துஷி அப்போது கலியாணம் முடித்து ஆறு மாதம். மாப்பிள்ளை கனடாவில், இவள் இங்கே விசா வரும் வரும் என்று இருந்தாள்.

அந்த வருஷம் சரஸ்வதி பூசைக்கு, ஒவ்வொரு வருஷமும் செய்கிற மாதிரி, சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். முதலில் என் மொப்புக்கும் வாளிக்கும் கேத்தலுக்கும். பிறகு மேசைகளுக்குப் போனேன். ரிஸ்வி நானா, "வைங்க அக்கா, வைங்க. கீபோர்ட்ல மட்டும் தண்ணி படாம" என்று சொல்லி அவலும் கடலையும் வாங்கிச் சாப்பிட்டார்.

முன்பு இருந்த திரைகளுக்கு நாலு விரல் அகலத்தில் கறுப்புச் சட்டம் இருந்தது. பொட்டு அதில் நிற்கும். அந்த வருஷம் புதுத் திரைகள் வந்திருந்தன, ஓரம் ஒரு நூல் அளவுதான். மேல் மூலையில் வைத்த பொட்டு பாதி கண்ணாடியில் விழுந்தது. துஷி குனிந்து நின்று, "எனக்குப் பெரிசா வையுங்கோ அன்ரி. இந்த வருஷமாவது அவரிட்டப் போகோணும்" என்றாள். நான் பெருவிரலால் அழுத்தி வைத்தேன். வலது பக்க மேல் மூலையில், ஒரு ரூபாய்க் குற்றி அளவு சந்தனம், நடுவில் குங்குமம்.

மற்ற மேசைக்காரர்கள் இரண்டு நாளில் துடைத்துவிட்டார்கள். துஷி துடைக்கவிடவில்லை. நானும் அந்த மூலையைச் சுற்றித்தான் தூசு தட்டினேன். வைத்த பொட்டைத் துடைக்க யாருக்குக் கை வரும்?

இனிமேல் சொல்லப் போவதைக் கவனமாகக் கேளுங்கள். துஷியின் திரையில் நாலு சதுரம். வலது மேல் சதுரம்தான் சிலை மண்டபம். கமரா உயரத்தில் இருந்து கீழே பார்ப்பதால், படத்தின் மேல் மூலை என்பது அந்த மண்டபத்தின் தூரத்து மூலை. பொட்டு அதன் மேல்தான் இருந்தது. அங்கே ஒரு குதிரைவீரன் சிலை இருப்பதை நாங்கள் மறந்தே போனோம். பத்துப் பன்னிரண்டு நாள் யாருக்கும் அது குறையாகப் படவில்லை.

ஒக்டோபர் கடைசி ஞாயிறு அங்கே மணிக்கூட்டை ஒரு மணிநேரம் மாற்றுவார்கள். அடுத்த நாள் திங்கட்கிழமை. ஒன்பதரைக்கு வருகிற அவள் நம் கணக்கில் பத்தரைக்கு வந்தாள். பத்தரை என்பது நான் தேத்தண்ணீர் கொடுக்கிற நேரம்.

தட்டோடு நான் வரும்போது அவள் கமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் பெரிதாக வந்தது, போனது. துணி கல்லுப் பெண்ணின் கையில் தொங்கியது. பாதித் தரைக்குத் தண்ணீர் விட்டாள், ஏணியைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தாள். அவ்வளவும் நான் பார்த்தேன்.

துஷி அவளைப் பார்க்கவில்லை. சங்கிலிப் பாலத்தில் ஒரு ஆள் தனியே, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே ஆற்றைப் பார்த்தபடி நின்றான். அந்த நேரத்தில் அப்படி ஒருவன் நின்றால் என்ன நினைப்பீர்கள்? ரிஸ்வி நானாவும் வந்து துஷியின் தோளுக்குப் பின்னால் நின்றார். நான் கோப்பையை வைத்தேன். யாரும் எடுக்கவில்லை.

"குதிக்கப் போறானோ?" என்று துஷி கேட்டாள்.

"பொறுங்க. கைய பாருங்க. கையிலதான் தெரியும்."

அந்த ஆள் ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தான். குடித்து முடித்தான். வீட்டுக்குப் போனான். எல்லாரும் மூச்சு விட்டோம், சிரித்தோம். "பொண்டாட்டி வீட்டுக்குள்ள குடிக்க விடமாட்டா போல" என்று ரிஸ்வி நானா தன் அறைக்குப் போனார். துஷி தேத்தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

நான் மேல் சதுரத்தைப் பார்த்தேன். மண்டபத்தில் விளக்கு எரிந்தது. பச்சைத் துணி தொங்கியது. வாளி நடுவில் இருந்தது. மொப் அதில் சாய்ந்திருந்தது. அவள் இல்லை.

தரையின் பளபளப்பு குறைந்துகொண்டு வந்தது. சுவரோரம் ஏற்கனவே வெளிறிப் போயிருந்தது.

"துஷி, அந்தப் பொம்பள எங்க?"

"எந்தப் பொம்பிள அன்ரி? ஓ, அவவோ. பாத்ரூம் போயிருப்பா."

"தரை காயுது தங்கச்சி."

"காயட்டுமன்."

"இல்ல. ரெண்டாந்தரம் இழுக்காம காய விடமாட்டா. வரி விழும்."

துஷி சிரித்தாள். நல்ல பிள்ளை, நக்கலுக்குச் சிரிக்கவில்லை. ஆனால் பக்கத்து மேசைக்காரர் திரும்பி, "என்னக்கா, திரும்பவும் சிலந்தியா?" என்று கேட்டார். எனக்கு முகம் சுட்டது. தட்டைத் தூக்கிக்கொண்டு மற்ற மேசைகளுக்குப் போனேன். ஆறு கோப்பை கொடுத்தேன். ஒருவருக்குச் சீனி போதாது என்று திரும்பப் போய்ச் சீனி எடுத்து வந்தேன். அந்தச் சீனிக் கரண்டி இன்றைக்கும் என் கையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

திரும்பி வந்தபோது தரை முழுக்கக் காய்ந்திருந்தது. வரி விழுந்திருந்தது. கமராவிலேயே தெரிந்தது.

"துஷி, கமராவ கொஞ்சம் திருப்பிப் பாரேன்."

கமராவைத் திருப்புகிற சின்னக் கைபிடி உங்கள் மேசையிலும் இருக்கும். தொட்டால் காரணம் எழுத வேண்டும், அங்கே உள்ளவர்களும் அதைப் பார்ப்பார்கள்.

"காரணம் கேப்பாங்கள் அன்ரி. நான் என்னெண்டு எழுதுறது? தரை காயுது எண்டோ?"

சொல்லத் தெரியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் பொட்டு கண்ணில் பட்டது. அத்தனை நாளும் பார்த்த பொட்டு. ஏணியைத் தூக்கிக்கொண்டு அவள் நடந்தது அந்தப் பொட்டுக்குள்.

தோளில் ஈரத் துணி கிடந்தது. எடுத்தேன்.

துஷிக்கு விளங்கிவிட்டது. என் கையைப் பிடித்தாள். "அன்ரி, வேண்டாம். அத அழிக்காதேங்கோ. தயவுசெய்து."

என் புருஷன் செத்த அன்று என் நெற்றியில் இருந்ததை ஒரு பிறத்தியார் விரல் வந்து அழித்தது. அந்த விரல் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். இப்போது என் விரல் இன்னொருத்தியின் பொட்டுக்குப் போகிறது. கை அந்தரத்தில் நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பிறகு துடைத்தேன். காய்ந்த சந்தனம் லேசில் போகவில்லை. மூன்று தரம் தேய்த்தேன்.

குதிரைவீரன் சிலையின் அடியில் ஏணி சரிந்து கிடந்தது. ஏணிக்கும் கல்லுக்கும் நடுவில் அவள் கிடந்தாள். ஒரு கை மட்டும் தரையில் நீட்டி, உள்ளங்கை மேலே பார்த்தபடி. அசைவு இல்லை.

துஷி கத்தினது ரிஸ்வி நானாவின் அறைக் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. அவர் போன் எடுத்தார். காவல்காரர் கண்ணாடித் தோட்டத்துப் பக்கம் இருந்தாராம், ஆற்றைத் தாண்டி வர வேண்டும். அவர் வரும் வரைக்கும் நாங்கள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். வேறு ஒன்றும் செய்ய ஏலாது. அவள் காதுக்கு எங்கள் குரல் போகாது. பிறகு சத்தமில்லாமல் கதவு திறந்தது, சத்தமில்லாமல் ஆட்கள் ஓடினார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள். வாளி அங்கேயே இருந்தது.

மத்தியானம் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். பார்க்க வேண்டாம் என்று ரிஸ்வி நானா சொன்னார். நான் நின்றேன்.

பதிவில் பொட்டு இல்லை. எப்படி இருக்கும்? பொட்டு நம் கண்ணாடியில், அங்கே இல்லையே. அந்த மூலை பளிச்சென்று கிடந்தது. அவள் ஏணியில் ஏறுகிறாள், குதிரையின் தலையைத் துடைக்கிறாள், சாய்கிறாள், விழுகிறாள். கொஞ்ச நேரம் சும்மா கிடக்கிறாள். பிறகு தலையைத் திருப்பி நேரே கமராவைப் பார்க்கிறாள். கையைத் தூக்கி அசைக்கிறாள். நம்மைப் பார்த்து. இறக்குகிறாள், திரும்பவும் தூக்குகிறாள். மெதுவாக, யாரையோ பஸ்ஸில் ஏற்றிவிட்டு வழியனுப்புகிற மாதிரி.

பத்தொன்பது நிமிஷம். பாலத்துக்காரன் சிகரெட் குடிக்கிறான், அவள் கையசைக்கிறாள். நாங்கள் சிரிக்கிறோம், அவள் கையசைக்கிறாள். நான் சீனி எடுக்கப் போகிறேன், அவள் கையசைக்கிறாள். நான் பொட்டைத் துடைப்பதற்கு ஒரு நிமிஷம் முன்னால் அந்தக் கை விழுந்தது.

மேலிடத்தில் இருந்து கேள்வி வந்தது. பதிவில் இவ்வளவு தெளிவாகத் தெரிகிறதே, பார்க்கிறவள் எதைப் பார்த்தாள்? துஷி அழுதாள். பொட்டைப் பற்றி அவள் சொல்லவேயில்லை, என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று. ரிஸ்வி நானாவின் கண்ணாடி அறைக்குள் தேத்தண்ணீர் இல்லாமல் நான் போனது அன்றைக்குத்தான்.

"நானா, பொட்டு வச்சது நான். அதுதான் மறைச்சிச்சு. எழுதுங்க."

"அத எழுதினா ஒங்கள வீட்ட அனுப்பிருவாங்க அக்கா."

"அனுப்பட்டும். அந்தப் புள்ளக்கிக் கண்ணு இல்லன்னு எழுதாதீங்க."

எழுதினார். தன் பெயரையும் சேர்த்து எழுதினார் என்று பிறகு தெரிந்தது. யாரையும் அனுப்பவில்லை. திரையில் எதுவும் ஒட்டக் கூடாது, வைக்கக் கூடாது என்று உங்கள் சுவரில் ஒரு தாள் இருக்கிறதே, அது அப்போது வந்தது. துஷிக்கு விசாவும் வரவில்லை. கடைசியில் மாப்பிள்ளைதான் திரும்பி வந்தார்.

அவள் உயிரோடு இருக்கிறாளா என்று இரண்டு மாதம் நமக்குத் தெரியாது. அதைக் கேட்பது நம் வேலை இல்லையாம். வேறு ஒரு பெடியன் வந்து துடைத்தான். ஒரே இழுவை, தரையெல்லாம் வரி. தை மாதம் நான் ரிஸ்வி நானாவிடம் கெஞ்சி, அவர் காவல்காரரிடம் விசாரித்தார். இருக்கிறாள். இடுப்பு எலும்பு உடைந்ததாம். இனி வேலைக்கு வரமாட்டாள். அவள் காவல்காரரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாளாம். "நான் கையசைத்த நேரம் அந்தப் பக்கம் யாராவது இருந்தார்களா?"

ரிஸ்வி நானா மேலிடத்தில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் அனுப்ப வேண்டாம் என்று வந்தது.

மாசி மாதம் ஒரு பின்னேரம், மூன்று மணித் தேத்தண்ணீர் கொண்டுவந்தேன். அங்கே கட்டடம் திறக்க அரை மணிநேரம் இருந்தது. சிலை மண்டபத்துக் கதவு திறந்தது, விளக்கு எரிந்தது. காவல்காரர் முன்னால் வந்தார். பின்னால், ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, அவள். பச்சைத் துணி கழுத்தில் இருந்தது. நேரே தூரத்து மூலைக்கு நடந்தாள். குதிரைவீரனுக்கு அடியில் நின்று, திரும்பி, கமராவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். அதே மாதிரி மெதுவாக அசைத்தாள்.

தான் செத்த இடத்துக்குத் திரும்பி வந்த ஒருத்தியைப் பார்க்கிற மாதிரி இருந்தது. அவள் நிறுத்தவில்லை. அசைத்துக்கொண்டே நின்றாள்.

"பதிலுக்கு நிக்கிறா" என்றேன். என் குரல்தான், ஆனால் நான் நினைத்ததை விடப் பலமாக வந்தது. "துஷி, கமராவ ஆட்டு. ஆமான்னு சொல்லு."

துஷி கைபிடியைப் பிடித்தாள். காரணம் யோசிக்கவில்லை. கமராவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மெதுவாக அசைத்தாள், நாங்கள் ஓம் என்று தலையாட்டுகிற மாதிரி.

அவள் கை நின்றது. முகம் மாறியது. கையை இறக்கினாள். கம்பைத் திருப்பி வாசல் பக்கம் நடக்கத் தொடங்கினாள்.

"ஐயோ, அப்பிடி இல்ல!" ரிஸ்வி நானா ஓடி வந்தார். "அவங்களுக்கு அது இல்லண்டு அர்த்தம்! ஒருத்தரும் இல்லண்டு சொல்லிட்டீங்க! மேலயும் கீழயும் ஆட்டுங்க, மேலயும் கீழயும்!"

துஷி ஆட்டினாள். மேலே, கீழே. மேலே, கீழே. அவள் முதுகைக் காட்டிக்கொண்டு நடந்தாள். நாங்கள் அந்த முதுகுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தோம். படம் எழும்பி விழுந்தது, எனக்குத் தலை சுற்றியது.

கடைசியில் காவல்காரர்தான் நிமிர்ந்து பார்த்தார். பார்த்து, அவள் தோளைத் தொட்டார். அவள் திரும்பினாள்.

மேலே, கீழே. மேலே, கீழே.

அவள் வெகு நேரம் பார்த்தாள். கமராவைத் துடைக்கிற நாளில் பார்க்கிற மாதிரி, ஆனால் இந்த முறை எங்களைப் பார்த்தாள். பிறகு கழுத்துத் துணியைக் கழற்றி, கல்லுப் பெண்ணின் கையில் தொங்கவிட்டாள். எடுக்காமல் போனாள். கதவு மூடியது. விளக்கு அணைந்தது, மண்டபம் சாம்பலானது.

மற்றவர்கள் தங்கள் மேசைகளுக்குப் போனார்கள். நான் தட்டோடு அங்கேயே நின்றேன். காற்றில்லாத மண்டபம் அது, எல்லா ஜன்னலும் வெளிச்சம் வராமல் பலகை போட்டுப் பூட்டு. அந்தத் துணியின் நுனி மட்டும் லேசாக, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

"துஷி" என்றேன். "அது அசையுது."

ஒருவரும் சிரிக்கவில்லை. துஷி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கைபிடியைப் பிடித்து கமராவை அந்தப் பக்கம் திருப்பினாள்.